நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?

மேட்டுப்பாளையத்தில் பல வீடுகளுக்கு இரண்டு தண்ணீர். ஒன்று, நகராட்சிக் குழாயில் வரும் பவானித் தண்ணீர். அதற்குப் பெயர் நல்ல தண்ணி. இன்னொன்று ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மேலேறும் போர் தண்ணி. உப்புத் தண்ணி என்பார்கள், சப்பத் தண்ணி என்போரும் உண்டு. சமையலுக்கு எது, துணி துவைக்க எது, எதில் பருப்பு வேகும், எதில் வேகாது என்பதெல்லாம் வீட்டிலிருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதே பிள்ளை அடம்பிடித்து ஒரு மீன் தொட்டி வாங்க வைக்கும்போது, இந்த அறிவு முழுவதும் கடை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி விடப்படுகிறது.

கடையில் எழும் கேள்விகள் வேறு. தொட்டி இரண்டடியா, மூன்றடியா? அடியில் போட நீலக் கல்லா, வெள்ளைக் கல்லா? பின்னால் ஒட்டக் கடலடிப் படம் வேண்டுமா? கடைசியில் ஒரு பெட்டியிலிருந்து ஃபில்டர் வெளியே வரும். "இதப் போட்டுட்டா தண்ணி மாத்தற வேலையே இல்லைங்க" என்று ஓர் உறுதிமொழியும் கூடவே வரும். முதல் வாரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டாம் வாரம் ஒரு கோல்டு ஃபிஷ் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மூன்றாம் வாரம் தொட்டி காலி. திரும்பக் கடைக்குப் போனால் இன்னும் பெரிய ஃபில்டர், அதற்கடுத்து யு.வி. விளக்கு, அதற்கும் அடுத்து "ஆர்.ஓ. தண்ணி ஊத்திப் பாருங்க" என்ற யோசனை. எந்தக் கட்டத்திலும் யாரும் கேட்காத கேள்வி ஒன்றுதான்: "ஏனுங்க, ஊத்தறது நல்ல தண்ணிங்களா, போர் தண்ணிங்களா?"

அந்தக் கேள்வியில் தொடங்காத சுத்திகரிப்புக் கருவி எதுவானாலும் பாதி வீண் செலவு. மீதிப் பாதி, ஃபில்டர் என்ற சொல் செய்யும் கோளாறு.

ஃபில்டர் என்றதும் நினைவுக்கு வருவது காபி ஃபில்டர். தூள் மேலே நிற்கும், டிகாக்‌ஷன் கீழே இறங்கும், வேலை முடிந்தது. மீன் தொட்டியில் தூசியையும் கழிவையும் பிடித்து வைப்பது ஃபில்டரின் சில்லறை வேலை. கலங்கலாக வரும் ஆற்று நீரைத் தெளிய வைக்க அந்தக் காலத்தில் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசுவார்கள். மண் அடியில் இறங்கும், மேலே நீர் பளிச்சென்று நிற்கும். ஆனால் அந்தப் பளிச்சென்ற நீரில் கரைந்திருப்பதைத் தேத்தாங்கொட்டை ஒன்றும் செய்யாது. தொட்டியிலும் அதேதான். மீனைக் கொல்வது பெரும்பாலும் நிறமில்லாதது. தெளிந்த நீரில்தான் ஒளிந்திருக்கும். அதன் பெயர் அமோனியா.

மீன் தன் உடலின் நைட்ரஜன் கழிவைப் பெரும்பகுதி செவுள் வழியாகவே அமோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீனியும் அழுகி அமோனியா ஆகிறது. ஆற்றில் இது பிரச்சினையே அல்ல. பரந்த நீர், ஓடும் நீர். இரண்டடித் தொட்டியில் பிடிப்பது 60 லிட்டருக்கும் குறைவு. அங்கே மீனைக் காப்பாற்றுபவை சில பாக்டீரியாக்கள். ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான், மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். அடுத்த வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். ஓரளவு வரை மீன் அதைத் தாங்கிக்கொள்ளும். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல, எதையாவது பற்றிக்கொண்டு வாழ்பவை. கல்லின் மேலும், கண்ணாடியின் மேலும், எல்லாவற்றையும்விடப் பஞ்சின் துளைகளிலும் குடியிருக்கும். கோவைப் பக்கத்து மொழியில் சொன்னால், ஃபில்டர் என்பது பாக்டீரியாவுக்குக் கட்டிக் கொடுக்கும் லைன் வீடு. மோட்டார் செய்வதெல்லாம் அந்த வீட்டு வாசலுக்கு அமோனியாவையும் ஆக்சிஜனையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான்.

இந்தக் குடித்தனக்காரர்கள் யார் என்பதே நெடுங்காலம் சரியாகத் தெரியாது. நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்று பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. 1998இல் திமோத்தி ஹோவனெக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும், நன்னீர் மீன் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா இனம் என்று காட்டினார்கள். 2015இல் இன்னொரு வியப்பு: நைட்ரோஸ்பைராவில் சில வகைகள் அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகவே முடித்துவிடும் என்று இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. அவற்றில் ஒரு குழு அந்தப் பாக்டீரியாவைக் கண்டெடுத்தது மீன் வளர்ப்புத் தொட்டி ஒன்றின் ஃபில்டரில்.

புது லைன் வீட்டில் குடி வரச் சாதாரணமாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் மீன்கள் சாவதன் ரகசியம் இதுதான். வீடு தயார், ஆள் இல்லை. அதிக விலை ஃபில்டர் வாங்கினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. குறைக்க எளிய வழி, ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி வைத்திருப்பவரிடம் அழுக்கேறிய பழைய பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வருவது. பாலுக்கு உறை ஊற்றுவது போல. அந்தப் பஞ்சை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அழுக்காக இருக்கிறதே என்று குழாயடியில் வைத்துப் பிழிந்துவிட்டால் உறை மோரைச் சாக்கடையில் ஊற்றிய கணக்குதான். பஞ்சைக் கழுவ வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும்.

குழாய் நீரில் அப்படி என்ன கெடுதல்? இங்கேதான் பவானி வருகிறது.

நீலகிரியில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் போய், திரும்பவும் தமிழ்நாட்டுக்குள் வரும் ஆறு இது. கோவைக்காரர்கள் ருசியைச் சொல்லிப் பெருமைப்படும் சிறுவாணியும் இதன் கிளையாறுதான். கோவை நகருக்குப் பில்லூரிலிருந்தும், திருப்பூருக்கு மேட்டுப்பாளையத்திலிருந்தும் குடிநீர் போவது இந்த ஆற்றின் தயவில். காட்டிலிருந்தும் கடினப் பாறைகளின் மேலிருந்தும் இறங்கும் நீர் என்பதால் சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் இதில் குறைவு. சோப்பு நன்றாக நுரைக்கும். மீன் வளர்ப்புக்கு நாட்டின் பல நகரங்கள் ஏங்கும் மென்னீர். ஆனால் குழாயில் வரும்போது அது வெறும் பவானி அல்ல, குளோரின் கலந்த பவானி. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் விதிப்படி, குழாய்க்கு வரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். மனிதருக்கு அது காவல். மீனின் செவுளுக்கும் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்கும் அது எமன்.

தென்மேற்குப் பருவமழையில் ஆறு செந்நிறமாகக் கலங்கி ஓடும் நாட்களில் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரமும் குளோரினும் கூடுதலாகத் தேவைப்படும். எந்த மாற்றமும் செய்யாத தொட்டியில் ஜூலை மாதம் மீன்கள் சோர்ந்து கிடப்பதற்கு ஃபில்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. இதற்குத் தீர்வு கருவி அல்ல, ஒரு பக்கெட். நீரை ஒரு நாள் திறந்து வைத்தாலே குளோரின் பெரும்பாலும் ஆவியாகிவிடும். ஏர் பம்ப்பின் குழாயை உள்ளே விட்டுக் குமிழியடிக்கச் செய்தால் இன்னும் சீக்கிரம். அவசரத்துக்கு ஹைப்போ. 'ஆன்டி குளோரின்' என்று குட்டிப் புட்டியில் விற்பதிலும் பெரும்பாலும் இருப்பது அதே சோடியம் தயோசல்ஃபேட்தான். நகராட்சித் தண்ணீர் வராத நாட்களுக்காகப் பிடித்து வைக்கும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதா என்ன? அந்தத் தேக்கி வைத்த நீரே தொட்டிக்கு உகந்தது.

போர் தண்ணி வேறு சுபாவம். காரமடை, அன்னூர் பக்கம் போகப் போக ஆழம் கூடும், உப்பும் கூடும். வாட்டர் ஹீட்டரின் காயிலில் வெள்ளைப் படலம் கட்டுவது அந்தக் கடினத்தன்மையின் கையெழுத்து. இதில் குளோரின் பயமில்லை. பி.எச். பெரும்பாலும் 7க்கு மேல்தான் இருக்கும். அமோனியாவின் நஞ்சு பி.எச். ஏற ஏறக் கூடும்: 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் நஞ்சு வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 8 என்றால் சுமார் 5 பங்கு. 9ஐத் தொட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே, போர் தண்ணித் தொட்டியில் இரண்டு மீன் குறைவாகவும் தீனி ஒரு சிட்டிகை குறைவாகவும் போடுவதே பெரிய சுத்திகரிப்பு. அந்த நீருக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அதிலுள்ள பைகார்பனேட், பி.எச். திடீரென்று சரிந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கும்.

அந்தத் தாங்கலைத்தான் ஆர்.ஓ. உருவி எடுத்துவிடுகிறது. கடைகளில் சட்டைப் பையிலிருந்து டி.டி.எஸ். பேனாவை எடுத்துத் தண்ணீரில் முக்குவது, டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பது போன்ற ஒரு மரியாதையைச் சம்பாதித்துவிட்டது. எண் பெரிதாக இருந்தால் தண்ணீர் கெட்டது, சிறிதாக இருந்தால் நல்லது என்று தீர்ப்பும் உடனே வந்துவிடும். அந்தப் பேனா சொல்வது கரைந்திருக்கும் உப்புகளின் தோராயமான மொத்தத்தை மட்டுமே. அமோனியாவைப் பற்றியோ குளோரினைப் பற்றியோ அதனால் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. எல்லா மீனும் செத்த தொட்டியிலும் அது அழகான எண்ணைக் காட்டும்.

சரி, ஆர்.ஓ. நீரை அப்படியே தொட்டியில் ஊற்றினால் என்ன ஆகும்? பாக்டீரியாக்கள் 1 கிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்றும்போது, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7 கிராமுக்குச் சற்று மேலான காரத்தன்மை நீரிலிருந்து செலவாகிறது. சாதாரண நீரில் அதற்கு இருப்பு இருக்கும். ஆர்.ஓ. நீரில் கையிருப்பே கிடையாது. சில வாரங்களில் பி.எச். கீழே விழும், பாக்டீரியா வேலையை நிறுத்தும், அமோனியா சேரும். வெளிநாட்டில் டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்கள் ஆர்.ஓ. பயன்படுத்துகிறார்களே என்றால், அவர்கள் அந்த நீரில் தேவையான உப்புகளை அளந்து திரும்பச் சேர்க்கிறார்கள். இங்கே விற்கப்படுவது அந்தப் பழக்கத்தின் பாதி மட்டும்.

வீணாகும் நீரின் கணக்கு தனி. வீட்டு ஆர்.ஓ. கருவி 1 லிட்டர் வடிக்க 2 அல்லது 3 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. கருவிகளுக்குத் தடை வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னது மனிதர் குடிக்கும் நீரைப் பற்றி. பவானித் தண்ணீர் வரும் வீட்டில், மீனுக்காக ஆர்.ஓ. என்பது அதைவிட ஒரு படி மேலான அபத்தம்.

மாற்ற வேண்டியது தண்ணீரை அல்ல, வாங்கும் மீனை. கப்பியும் மோலியும் உப்புத் தண்ணிக்குப் பிறந்தவை போலவே வளரும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வந்த சிக்லிட் வகைகளுக்குக் கடின நீர்தான் சொந்த ஊர். போர் தண்ணி வீட்டுக்காரர் ஒருவர் வண்ணத்துக்கு ஆசைப்பட்டால் அவை இருக்கின்றன. நியான் டெட்ராவும் டிஸ்கஸும் ஏஞ்சலும் அமேசான் வழி வந்தவை. மென்னீர்க் குழாய் உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகலாம். கோல்டு ஃபிஷ் எந்தத் தண்ணீரிலும் சமாளிக்கும், ஆனால் அது அழுக்குப் பண்ணும் வேகத்துக்கு இரண்டடித் தொட்டி போதாது. அந்தக் கிண்ண வடிவக் கண்ணாடியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கருவிக்கு வருவோம். முதல் தொட்டிக்கு ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும் என்பது இந்தக் கட்டுரையின் பக்கச்சார்பு. பார்க்க அழகில்லை, குமிழிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும், விலையோ சில நூறு ரூபாய் என்பதால் கடைக்காரருக்கு லாபமும் குறைவு. அதனாலேயே அது அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கிறது. ஆனால் பாக்டீரியாவுக்கு விசாலமான வீடு அது. சின்ன ஏர் பம்ப் தின்னும் மின்சாரம் 3 முதல் 5 வாட். குமிழிகள் நீர்ப்பரப்பைக் கலைத்துக் காற்றையும் கரைக்கின்றன. கோடையில் இது சின்ன உதவி அல்ல: 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான்.

தொட்டியின் விளிம்பில் தொங்கும் ஃபில்டரும் நல்லதே. மாதம் ஒருமுறை அதன் 'கார்ட்ரிட்ஜை' மாற்றச் சொல்லும் அட்டையை மட்டும் நம்பக் கூடாது, அது லைன் வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்கிறது. கேனிஸ்டர் மூன்றடி, நான்கடித் தொட்டிக்கு, பெரிய மீனுக்கு. மூடிய டப்பா என்பதால் கரண்ட் போய்ச் சில மணி நேரமானால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா திணறும். 2012 வாக்கில் கொங்குப் பகுதியின் பட்டறைகளை முடக்கிய நீண்ட மின்வெட்டு இப்போது இல்லை. ஆனாலும் மலையடிவார ஊரில் ஒரு காற்று மழைக்குக் கம்பி அறுந்தால் இரவெல்லாம் காத்திருக்கத்தான் வேண்டும். பவர் பேங்க்கில் ஓடும் குட்டி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது, தொட்டிக்கு இன்னொரு விளக்கு வாங்குவதைவிட உருப்படியான செலவு. நாட்டுக்கே பம்புசெட் செய்து அனுப்பும் கோவைச் சீமையில், கடைகளில் இருக்கும் மீன் தொட்டி மோட்டார் பெரும்பாலும் சீனத் தயாரிப்பு என்பது ஒரு வேடிக்கை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு, பஞ்சும் குழாயும் மாட்டாத வெறும் மோட்டாருக்கானது. அதில் பாதியை நம்பலாம்.

யு.வி. விளக்கு பச்சை நீரையும் சில கிருமிகளையும் குறைக்கும், அமோனியாவைத் தொடாது. ஃபில்டரில் போடும் கரி சில வாரங்களில் களைத்துவிடும்; மருந்து போட்ட பிறகு நீரைத் தெளிய வைக்க அது போதும்.

இன்னொரு 'சுத்திகரிப்புக் கருவி'யும் விற்பனையில் இருக்கிறது. அதற்கு உயிர் உண்டு. 'டேங்க் கிளீனர்' என்று கையளவு பாலிதீன் பையில் கட்டிக் கொடுக்கப்படும், உடம்பெல்லாம் கவசம் போட்ட மீன். தென் அமெரிக்க இனம். கண்ணாடியில் ஒட்டிப் பாசியைத் தின்னும் என்பது உண்மை. அது வெளியேற்றும் கழிவு தின்ற பாசியைவிடத் தொட்டிக்குப் பெரிய பாரம் என்பதும் உண்மை. இரண்டு விரல் நீளத்தில் வாங்கியது ஒன்றரை அடி வரை வளரும். பிறகு, கொல்ல மனமில்லாமல், புண்ணியம் என்று நினைத்து ஏரியில் விடுவார்கள். தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் இன்று மீனவர் வலையைக் கிழிப்பது அந்தப் புண்ணியம்தான். தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கியதைப் பவானியில் கொண்டுபோய் விடுவது ஆற்றுக்குச் செய்யும் கேடு. சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் கழிவுக்கு எதிராக 1990களில் போராடிய ஆற்றங்கரை இது. ஒரு நீர்நிலை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள எவ்வளவு தாங்கும், எதைத் தாங்காது என்பதை இந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஃபில்டர் என்ற பெட்டியே இல்லாத காலத்தில் தொட்டி வைத்தவர்கள் என்ன செய்தார்கள்? 1850 வாக்கில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், இரண்டு கோல்டு ஃபிஷ், வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி, பிறகு சில நத்தைகள் என்று ஒரு கண்ணாடித் தொட்டியில் வைத்து, நீரை மாற்றாமலே அவை வாழ்வதைக் காட்டினார். அந்த மோகம் பரவி, 1909இல் சென்னை மெரினாவில் பொது மீன் காட்சியகம் திறக்கும் வரை வந்தது; இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. வாரிங்டனின் செடிக்கு இன்றைய பதிலி நம் வீட்டு ஜன்னலிலேயே தொங்குகிறது. மணி பிளான்ட் கொடியின் வேரை மட்டும் தொட்டி நீரில் விட்டு, இலையை வெளியே படர விட்டால், நைட்ரேட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். செலவு, ஒரு துண்டுக் கொடி.

மத்திய அரசு 2017இல் மீன் தொட்டிக் கடைகளுக்கென்று விதிகள் கொண்டு வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு அவை திரும்பப் பெறப்பட்டன. எந்த மீனை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று டெல்லியிலிருந்து நீளமான பட்டியல் போடுவதைவிட எளிதான ஒன்றை ஊர்க் கடைகளே செய்யலாம். கடைத் தொட்டியின் மேல் விலையை ஒட்டுவது போல, 'நல்ல தண்ணிக்கு', 'போர் தண்ணிக்கு' என்று ஒரு சீட்டு ஒட்டலாம். சென்னைக் கொளத்தூரிலிருந்தோ வேறெங்கிருந்தோ பாலிதீன் பையில் பயணம் செய்து வரும் மீன், மறுநாளே எந்தத் தண்ணீரில் விழப் போகிறது என்பதை விற்பவரும் வாங்குபவரும் ஒரு நிமிடம் பேசிக்கொள்ள அது காரணமாகும். வாடிக்கையாளர் ஒரு ஃபில்டர் குறைவாக வாங்குவார், உண்மை. ஆனால் மூன்றாம் வாரம் வெறுத்துப் போய்த் தொட்டியை மொட்டை மாடியில் கவிழ்த்து வைக்காமல், ஆறு மாதம் கழித்துத் தீனி வாங்கத் திரும்ப வருவார்.

எந்தக் கருவி வாங்கினாலும் வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்றும் வேலை போகாது. இரண்டடித் தொட்டி என்றால் ஒரு பக்கெட்டுக்குச் சற்றுக் குறைவு. அந்த நீரும் வீண் அல்ல. ஆர்.ஓ.வின் கழிவு நீரில் போர் தண்ணியின் உப்பு இன்னும் செறிந்திருக்கும். செடிக்கு ஊற்ற ஊற்ற மண்ணின் மேல் வெள்ளை பூக்கும். மீன் தொட்டியிலிருந்து எடுத்த நீரில் இருப்பது நைட்ரேட், அதாவது உரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பக்கெட்டைக் கொல்லைக்குத் தூக்கிப் போய்க் கறிவேப்பிலைச் செடியின் அடியில் ஊற்றுகிறார்கள், விஷயம் தெரிந்தவர்கள்.